எஸ்.எஸ்.எம். பதிவு இருந்தால் போதுமா?

பல்கலைக்கழக விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே எனக்கு ஒரு வேலை காத்திருந்தது. பெஸ்தாரி ஜெயாவில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீதி தள்ளி இருக்கும் மாமா கைப்பேசியோடு வந்து உட்கார்ந்தார். "நீதான் கணக்குப் படிக்கிற புள்ளையாச்சே, இதக் கொஞ்சம் பாரும்மா" என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தைக் காட்டினார்.

தங்கமும் அந்நிய நாணயமும் வாங்கி விற்கும் திட்டம். மனிதர்கள் இல்லை, கணினி ரோபோட்டே வியாபாரம் செய்யும். மாதம் 12 விழுக்காடு லாபம் உறுதி. குறைந்தபட்ச முதலீடு 500 வெள்ளி. கீழே ஒரு சான்றிதழின் படம். அதில் மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்.எஸ்.எம்.-இன் சின்னம்.

மாமா பாதுகாவலர் வேலை பார்க்கிறார். பன்னிரண்டு மணி நேரம் நின்று சம்பாதிக்கும் பணம். இரண்டு மாதத்திற்கு முன் 1,500 வெள்ளி போட்டிருக்கிறார். மாதம் 180 வெள்ளி என்று இரண்டு முறை வந்திருக்கிறது. சொன்னதைச் சொன்னபடி கொடுத்துவிட்டார்கள் அல்லவா? அதனால், 2024 மே மாதம் முதல் ஊழியர் சேமநிதி வாரியத்தில் (இ.பி.எஃப்.) வந்திருக்கும் மூன்றாவது கணக்கில், அதாவது 'அக்காவுன் ஃபிளெக்சிபெல்'லில் இருக்கும் 6,000 வெள்ளியையும் எடுத்துப் போடலாமா என்று கேட்க வந்திருந்தார். உண்மையைச் சொன்னால், கேட்க வரவில்லை. நான் 'போடுங்க மாமா' என்று சொல்வதைக் கேட்க வந்திருந்தார்.

"மாமா, இது எனக்குச் சரியாப் படல" என்றேன்.

"எஸ்.எஸ்.எம். பதிவு இருக்கேம்மா! கவர்மெண்டு சும்மாவா குடுப்பான்?"

இந்தக் கேள்வியைக் கேட்டது மாமா மட்டும் அல்ல. புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் ஜெராமிலும், தோட்டத்தை விட்டு வெளியேறி தாமானில் குடியேறிய நம் குடும்பங்களில் யாரோ ஒருவர் இதைக் கேட்டிருப்பார். பதில் மிகச் சிறியது. ஒரு வியாபாரப் பெயரை எஸ்.எஸ்.எம்.-இல் பதிய ஆண்டுக்கு 60 வெள்ளி போதும். நாசி லெமாக் கடைக்கும் அதே பதிவு, கார் கழுவும் கடைக்கும் அதே பதிவு. ஒரு வெள்ளி மூலதனத்தில் ஒரு செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனத்தையே தொடங்கலாம். அது பிறப்புப் பத்திரம் போன்றது. பிறந்தாயிற்று என்றுதான் அது சொல்லும். கார் ஓட்டலாம் என்று சொல்லாது.

கார் ஓட்ட வேறு ஓர் உரிமம் வேண்டும். மற்றவர் பணத்தை வாங்கிப் பங்கிலோ நிதியிலோ முதலீடு செய்து நிர்வகிக்க, 2007ஆம் ஆண்டின் மூலதனச் சந்தை, சேவைகள் சட்டத்தின்படி பங்குப் பத்திர ஆணையத்தின் உரிமம் தேவை. நம் வீடுகளில் 'எஸ்.சி.' என்றாலே எல்லாருக்கும் புரியும். உரிமம் இல்லாமல் நடத்தினால் 58ஆம் பிரிவின் கீழ் 10 மில்லியன் வெள்ளி வரை அபராதம், பத்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 'உங்கள் பணத்தை என்னிடம் வையுங்கள், முழுசாகத் திருப்பித் தருகிறேன்' என்று வைப்புத்தொகையாக வாங்கினால் அது பேங்க் நெகாராவின் எல்லை. 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டத்தின் 137ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. அங்கே அபராதம் 50 மில்லியன் வெள்ளி வரை. ஆள் சேர்த்தால் கமிஷன் என்றால் அது உள்நாட்டு வாணிக அமைச்சு. கூட்டுறவு என்று பெயர் வைத்துக்கொண்டால் மலேசியக் கூட்டுறவு ஆணையம்.

மாமாவின் கைப்பேசியில் இருந்த ஒரே படத்தில் தங்கம், நாணயம், ரோபோட், ஆள் சேர்த்தால் போனஸ் என்று நான்கும் இருந்தன. இது தற்செயல் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. புகார் கொடுக்கப் போகிறவர் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நிற்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் இவர்கள் வாழ்கிறார்கள்.

கணக்கையும் போட்டுப் பார்த்தேன். மாதம் 12 விழுக்காடு லாபத்தை எடுக்காமல் விட்டால் 1,500 வெள்ளி ஓராண்டில் 5,800 வெள்ளியைத் தாண்டும். இ.பி.எஃப். 2024க்குக் கொடுத்த ஈவுத்தொகை ஆண்டுக்கு 6.3 விழுக்காடு. நாட்டின் மிகப்பெரிய நிதி, அத்தனை நிபுணர்களை வைத்து, ஓராண்டில் சம்பாதித்ததை இந்த ரோபோட் பதினாறே நாளில் சம்பாதிக்குமாம். அப்படிப்பட்ட ரோபோட் வைத்திருப்பவர் எதற்கு பெஸ்தாரி ஜெயாவுக்கு வந்து மாமாவிடம் 500 வெள்ளி கேட்க வேண்டும்?

திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பாட்டி காதில் 'சேர்' என்ற சொல் விழுந்துவிட்டது. "சேரா? அதெல்லாம் தொரமாரு வெளையாட்டுடி" என்றார். பாட்டி பால்மரம் சீவியவர். அவர் சொன்னதை நான் சிரித்துக்கொண்டே விட்டிருப்பேன்; ஆனால் சென்ற தவணையில் நிறுவனச் சட்டப் பாடத்திற்கு எழுதிய கட்டுரை நினைவுக்கு வந்தது. பாட்டி சொன்னது வரலாற்று உண்மை.

துரைமார் விளையாட்டு

நம் வட்டாரத்துத் தோட்டங்களே பங்குச் சந்தையில் பிறந்தவைதாம். 1909, 1910இல் லண்டனில் ரப்பர்ப் பங்கு மோகம் தலைக்கேறியிருந்தது. 1910 ஏப்ரலில் ஒரு பவுண்டு ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது. மலாயாவை வரைபடத்தில்கூடப் பார்க்காதவர்கள் மலாயாத் தோட்டப் பங்குகளை வாங்கினார்கள். அந்தப் பணத்தில்தான் காடு வெட்டப்பட்டது. நம் கொள்ளுத்தாத்தாக்கள் கப்பலேறினார்கள். பத்தாங் பெர்ஜுந்தை என்று முன்பு அழைக்கப்பட்ட எங்கள் ஊரருகே தெனமாரம் தோட்டத்தில் 1917இல் ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனை பயிரிட்டார். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். அவருக்குப் பின்னால் இருந்தது பெல்ஜியத்து மூலதனம். வரலாற்றுப் பாடத்தில் செம்பனை வரும். அது நம் ஊர் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

துரைமார் விளையாட்டில் நம் நாடே இறங்கிய ஒரு நாளும் உண்டு. 1981 செப்டம்பர் 7. பெர்மோடாலான் நேஷனல் பெர்ஹாட், அதாவது பி.என்.பி., லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்திலேயே கத்ரி நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கி முடித்துவிட்டது. 'விடியற்காலை அதிரடி' என்று இன்றும் சொல்கிறார்கள். காலையில் பிரட்டுக்குப் போகும்போது ஒரு முதலாளி, மறுநாள் பிரட்டில் வேறொரு முதலாளி. சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் லண்டன் அதிர்ந்துபோய் கைப்பற்றல் விதிகளை இறுக்கியது. அடுத்த மாதமே மகாதீர் அரசு 'பிரிட்டிஷ் பொருள் கடைசியில்' என்ற கொள்கையை அறிவித்தது. இன்று நம் நாட்டில் பட்டியலிட்ட ஒரு நிறுவனத்தின் 5 விழுக்காட்டுப் பங்கு ஒருவர் கைக்கு வந்தாலே அவர் அறிவிக்க வேண்டும். 33 விழுக்காட்டைத் தாண்டினால் மற்ற எல்லாப் பங்குதாரருக்கும் பொதுவான ஒரு விலை கொடுத்து வாங்க முன்வர வேண்டும். சின்னப் பங்குதாரர் கண் விழித்துப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடக் கூடாது என்பதற்கான விதிகள் இவை.

விதிகள் இப்படித்தான் பிறக்கின்றன. யாரோ அடிபட்ட பிறகு.

மைக்கா: சட்டம் எங்கே இருந்தது?

நம் சமூகம் அடிபட்ட கதை பெரியவர்களுக்குத் தெரியும். என் வயதில் இருப்பவர்களிடம் 'மைக்கா' என்றால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மைக்கா ஹோல்டிங்ஸ் 1982இல் பதிவு செய்யப்பட்டது. புதிய பொருளாதாரக் கொள்கைக் காலத்தில் நாட்டின் நிறுவனச் சொத்தில் இந்தியரின் பங்கை உயர்த்த வேண்டும் என்பது நோக்கம். அப்போதைய ம.இ.கா. தலைவர் ச.சாமிவேலுவின் திட்டம் அது. 30 மில்லியன் வெள்ளி திரட்ட நினைத்தார்கள். திரண்டது 106 மில்லியன் வெள்ளி. சுமார் 66,000 பேர் பங்கு வாங்கினார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தோட்டத் தொழிலாளரும் குறைந்த வருமானக் குடும்பங்களும். நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் பணம் கட்டினார்கள் என்பது அன்று முதல் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்த செய்தி. பங்கு ஒன்று ஒரு வெள்ளி.

இவ்வளவு பேர் வந்தது பேராசையால் அல்ல என்பது என் கருத்து. மாதம் 12 விழுக்காடு என்று யாரும் அப்போது சொல்லவில்லை. துரைமார் விளையாட்டில் நமக்கும் ஓர் இடம் வேண்டும் என்ற ஆசை அது. அந்த ஆசையில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை.

1990இல் டெலிகோம் மலேசியா ஒரு பங்கு 5 வெள்ளி என்ற விலையில் பங்குச் சந்தைக்கு வந்தது. அதில் இந்திய சமூகத்திற்காக நிதியமைச்சு 10 மில்லியன் பங்குகளை ஒதுக்கியிருந்தது என்றும், மைக்காவுக்கு வந்து சேர்ந்தது 1 மில்லியன் மட்டுமே, மீதி 9 மில்லியன் மூன்று தனியார் நிறுவனங்களுக்குப் போயிற்று என்றும் 1992இல் பகிரங்கமானது. ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது. நீதிமன்றத்தில் யார் மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. தவறு எதுவும் நடக்கவில்லை என்று ம.இ.கா. தலைமை மறுத்தது.

யார் சரி, யார் தவறு என்று தீர்ப்பளிக்க நான் ஆள் இல்லை. என் கட்டுரைக்காக நான் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு. ஓர் எஸ்டேட்டில் 500 பங்கு வைத்திருந்த ஒருவர், அந்தச் செய்தியை நாளிதழில் படித்துவிட்டு, சட்டப்படி என்ன செய்திருக்க முடியும்?

கிட்டத்தட்ட ஒன்றும் முடியாது. மைக்கா பொது நிறுவனம்தான். ஆனால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத பொது நிறுவனம். இந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது. பட்டியலிட்ட நிறுவனமாக இருந்தால் முக்கியமான எந்த முடிவையும் உடனே சந்தைக்கு அறிவிக்க வேண்டும். காலாண்டுக் கணக்கு வெளியிட வேண்டும். இயக்குநருக்குத் தொடர்புள்ள நிறுவனங்களோடு பெரிய கொடுக்கல் வாங்கல் என்றால் பங்குதாரரின் ஒப்புதல் கேட்க வேண்டும். எல்லாவற்றையும்விட, பிடிக்கவில்லை என்றால் மறுநாளே விற்றுவிட்டுப் போகலாம். பட்டியலிடாத நிறுவனத்தில் பங்கை வாங்க ஆள் தேட வேண்டும். என்ன விலை என்று யாரிடம் கேட்பது? கதவு இல்லாத வீடு.

சரி, வழக்குப் போடலாமே? அங்கேயும் ஒரு சுவர். 1843இல் இங்கிலாந்தில் 'ஃபாஸ் எதிர் ஹார்பாட்டில்' என்ற வழக்கில் ஒரு விதி பிறந்தது. நிறுவனத்திற்கு இழப்பு என்றால் வழக்குப் போட வேண்டியது நிறுவனம்தான், தனிப் பங்குதாரர் அல்ல. நிறுவனம் என்றால் யார்? இயக்குநர்கள். அதாவது, யார் மேல் சந்தேகமோ அவர்களிடமே போய் 'உங்கள் மேல் நீங்களே வழக்குப் போடுங்கள்' என்று சொல்ல வேண்டும். விதிவிலக்குகள் இருந்தன, ஒடுக்கப்பட்ட பங்குதாரருக்கு 1965ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தில் 181ஆம் பிரிவும் இருந்தது. ஆனால் வழக்கறிஞருக்குக் கொடுக்க வேண்டிய பணம் அந்த 500 பங்கின் விலையைவிடப் பல மடங்கு.

கண்காணிக்க யார் இருந்தார்கள்? பங்குப் பத்திர ஆணையம் தொடங்கப்பட்டதே 1993 மார்ச் 1இல்தான். சிறுபான்மைப் பங்குதாரர் கண்காணிப்புக் குழு 2000இல் வந்தது. அதுவும் பெரும்பாலும் பட்டியலிட்ட நிறுவனங்களைத்தான் பார்க்கிறது. நிறுவனத்தின் சார்பில் ஒரு பங்குதாரரே வழக்குத் தொடுக்கும் உரிமை 2007இல் சட்டத்தில் எழுதப்பட்டது. இன்றைய 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தில் அது 347ஆம் பிரிவு. பங்கு விற்பனைக்கான விவரக் கையேட்டில் பொய் இருந்தால் இழப்பீடு கேட்க 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 248ஆம் பிரிவு இருக்கிறது. பட்டியலைப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. 1984க்கு இவை எதுவுமே உதவவில்லை.

2010இல் ஜி டீம் என்ற நிறுவனம் முன்வந்து, பங்கு ஒன்றுக்கு 80 காசு என்று வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது. பலர் விற்றார்கள். பலர் அதற்குள் இறந்திருந்தார்கள். வாரிசுகள் சான்றிதழைத் தேடினார்கள். இடையில் வந்த ஈவுத்தொகையைச் சேர்க்காமல் பார்த்தால், 1984இல் கொடுத்த ஒரு வெள்ளி 26 ஆண்டு கழித்து 80 காசு. அதே ஒரு வெள்ளி ஆண்டுக்கு வெறும் 5 விழுக்காடு என்று வளர்ந்திருந்தால்கூட 3 வெள்ளி 55 காசு. இ.பி.எஃப். 1983 முதல் 1987 வரை 8.5 விழுக்காடு கொடுத்த காலம் அது.

இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். மாமா காட்டிய திட்டமும் மைக்காவும் ஒன்றல்ல. மைக்கா சட்டப்படி அமைந்த உண்மையான நிறுவனம். அதற்குச் சொத்து இருந்தது, காப்புறுதி நிறுவனம் இருந்தது. மாமாவின் திட்டத்திற்கு ஒரு வாட்ஸ்அப் குழுதான் இருந்தது. ஆனால் வெளியேறும் வழி பற்றி இரண்டிலும் யாரும் கேட்கவில்லை. இரண்டிலும் நம்பிக்கை ஒரு முகத்தின் மேல்தான் இருந்தது. அன்று தலைவரின் முகம், இன்று அத்தையின் மருமகன் முகம்.

வேறு மாதிரியும் செய்து பார்த்திருக்கிறோம். துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளரின் சிறு தொகைகளைச் சேர்த்தே தோட்டங்களை வாங்கியது. கூட்டுறவில் எத்தனை பங்கு இருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு. நிறுவனத்தில் பங்குக்கு ஓட்டு. கூட்டுறவு என்றாலே பத்திரம் என்றும் நினைத்துவிட வேண்டாம். 1986இல் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுகளை பேங்க் நெகாரா முடக்கியதும் இதே நாட்டில்தான்.

சிலாங்கூர் பெயரில் ஒரு வழக்கு

சட்டம் படிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு துணுக்கு. இங்கிலாந்தில் சட்டம் படிக்கும் மாணவர்களும் 'சிலாங்கூர்' என்ற பெயரை மனப்பாடம் செய்கிறார்கள். 1968இல் தீர்ப்பான 'சிலாங்கூர் யுனைடெட் ரப்பர் எஸ்டேட்ஸ் எதிர் க்ரடொக்' வழக்குதான் காரணம்.

தோட்டமெல்லாம் போய், வங்கியில் ரொக்கம் மட்டும் மிஞ்சியிருந்த ஒரு பழைய ரப்பர் நிறுவனம் அது. 1958இல் க்ரடொக் என்பவர் அதன் பங்குகளை வாங்க வந்தார். அவரிடம் பணம் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? நிறுவனம் தன் கைக்கு வந்த நாளிலேயே அதன் ரொக்கத்தைக் கடன் என்ற பெயரில் வெளியே எடுத்து, காசோலைகளைச் சுற்றவிட்டு, அந்தப் பணத்தையே பங்குக்கான விலையாகக் கொடுத்தார். கடைக்காரரின் கல்லாவிலிருந்து பணத்தை எடுத்து அவர் கடையையே விலைக்கு வாங்குவது போல. நிறுவனத்தின் பணத்தால் அந்த நிறுவனத்தின் பங்கையே வாங்கக் கூடாது என்று இன்று நம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 123ஆம் பிரிவும் சொல்கிறது.

எனக்கு அதில் பிடித்தது வேறு ஒன்று. நீதிபதி க்ரடொக்கோடு நிற்கவில்லை. காசோலைகளை மாற்றிக்கொடுத்த டிஸ்ட்ரிக்ட் வங்கியும் பொறுப்பு என்றார். நியாயமான ஒரு வங்கி அதிகாரி பார்த்திருந்தால் இதில் ஏதோ கோளாறு என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். பிறகு வந்த தீர்ப்புகள் இந்த அளவுகோலைக் கடுமையாக்கின. 1995இல் 'ராயல் புருணை ஏர்லைன்ஸ் எதிர் டான்' வழக்கில் பிரிவி கவுன்சில், உடந்தையானவரிடம் நேர்மையின்மை இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்றது. ஆனாலும் பணம் போகும் வழியில் நிற்பவருக்கும் பொறுப்பு உண்டு என்ற எண்ணம் போகவில்லை. 1எம்.டி.பி.யின் 6.5 பில்லியன் டாலர் கடன் பத்திரங்களை விற்றுக்கொடுத்த கோல்ட்மேன் சாக்ஸின் துணை நிறுவனங்கள் மேல் 2018இல் வழக்குப் போடப்பட்டதும் நம் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான். 2020இல் 3.9 பில்லியன் டாலர் மதிப்பில் சமரசம் ஆனது.

இது பெரிய வங்கிகளின் கதை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். ஆறாம் படிவத்தில் என்னோடு படித்த ஒரு நண்பனிடம் ஒருவர் 300 வெள்ளி கொடுத்து, அவன் ஏ.டி.எம். அட்டையை ஒரு மாதம் 'வாடகைக்கு'க் கேட்டார். அவன் கொடுக்கவில்லை, அவன் அம்மாவுக்குப் பயந்து. மலாயில் இதை 'அக்காவுன் கெல்டாய்' என்கிறார்கள், கழுதைக் கணக்கு. ஏமாற்றப்பட்டவரின் பணம் மோசடிக்காரரிடம் நேரே போவதில்லை. நம் வயதுப் பையன் ஒருவன் பெயரில் உள்ள கணக்கு வழியாகத்தான் போகிறது. 2024இல் தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டுள்ளன. 'எனக்கு ஒன்றும் தெரியாது, கார்டை மட்டும்தான் கொடுத்தேன்' என்று இனித் தப்புவது கடினம்.

மாமாவிடம் திரும்புகிறேன்

அன்று மாலை எஸ்.சி.யின் எச்சரிக்கைப் பட்டியலில் அந்தத் திட்டத்தின் பெயரைத் தேடினேன். இல்லை. பேங்க் நெகாராவின் பட்டியலிலும் இல்லை. மாமாவுக்கு ஒரே மகிழ்ச்சி. "பாத்தியா, நான்தான் சொன்னேனே!"

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இல்லை என்றால், இன்னும் மாட்டவில்லை என்று மட்டும்தான் பொருள். நேற்று தொடங்கிய திட்டம் இன்றைய பட்டியலில் எப்படி இருக்கும்? தேட வேண்டியது உரிமம் பெற்றவர்களின் பதிவேட்டை. அதுவும் எஸ்.சி.யின் இணையத்தளத்திலேயே இலவசமாக இருக்கிறது. அதில் பெயர் இருக்க வேண்டும். இல்லை என்றால் கொடுக்கக் கூடாது. கூட்டு நிதி திரட்டும் தளங்களை 2015 முதலும், மின்னியல் நாணயச் சந்தைகளை 2019 முதலும் எஸ்.சி. ஒழுங்குபடுத்துகிறது. ஆகவே 'இது புதுசு, இதுக்கெல்லாம் லைசன்ஸ் கிடையாது' என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம்.

பதிவேட்டிலும் அந்தப் பெயர் இல்லை. மாமா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்த 180 வெள்ளி எப்பிடிம்மா வந்துச்சு?" என்றார். உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவரின் பணம் மாமா, என்றேன். இதைச் சொல்வது எளிதாக இல்லை. மாமாவே அண்டை வீட்டு அக்காவைச் சேர்த்துவிட்டிருந்தார். 500 வெள்ளி.

6,000 வெள்ளியை அவர் எடுக்கவில்லை. போட்ட 1,500ஐத் திரும்பக் கேட்டுக் குழுவில் எழுதினார். 'சிஸ்டம் பராமரிப்பில் உள்ளது, 14 நாள் பொறுங்கள்' என்று பதில் வந்தது. பதினோராவது நாள் குழுவே காணவில்லை. அத்தையின் மருமகனும் 4,000 வெள்ளி இழந்தவர் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. மாமா அவரோடு இன்னும் பேசுவதில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

போலீஸ் புகாருக்கு முன்னால், பணம் போட்ட கணக்கு எண்ணை போலீசாரின் 'செமாக் மியூல்' தளத்தில் போட்டுப் பார்த்தோம். சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம்: பணம் போய்ச் சில மணி நேரம்தான் ஆகிறது என்றால் முதலில் 997க்கு அழைக்க வேண்டும், தேசிய மோசடித் தடுப்பு மையம் பணத்தைத் தடுத்து நிறுத்த முயலும். மாமாவுக்கு இரண்டு மாதம் கடந்துவிட்டது. அந்தக் கணக்கு எண்ணின் மேல் ஏற்கெனவே நான்கு புகார்கள் இருந்தன.

மறுநாள் காலை இரவு வேலை முடிந்து, சீருடையோடு வந்து என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார் மாமா. அண்டை வீட்டு அக்காவின் 500 வெள்ளியைத் தன் சம்பளத்தில் மாதம் நூறாகக் கொடுத்துவிடுவதாக வழியில் சொன்னார். நிலையத்தில் மலாயில் நான் சொல்லச் சொல்ல அதிகாரி தட்டச்சு செய்தார். ஐந்தாவது புகார் எங்களுடையது.